உள் டயர்

பதினெட்டு வருஷம்
அடுத்தவர் லாரிகளை அனுப்பி வைத்தவள் நான்.
பேஹெட் சாலையில் வரிசை எந்த வளைவில் நிற்கிறது,
மாரியன்ஹில் டோலில் எத்தனை நிமிஷம் போகும்,
எந்த டிரைவர் ஹாரிஸ்மித்தில் தூங்குவான்,
எவன் தூங்கிவிட்டு பஞ்சர் என்பான்,
எல்லாம் அத்துப்படி.
கம்பெனியை மூடிய வெள்ளிக்கிழமை
கடைசிச் சம்பளச் சீட்டோடு கேக்கும் வந்தது.
அதில் என் பெயரில்
ஓர் எழுத்து குறைந்திருந்தது.

ஆகவே இந்த வங்கி,
உட்கார்ந்தால் தானாகத் தாழ்கிற இந்த நாற்காலி.
எதிரே நொக்வாண்டா.
என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும்.
"வேலை ஒப்பந்தம் இருக்கிறதா, அம்மா?"
ஒப்பந்தம் கேட்டுப் போன இடத்தில்
லாரி எங்கே என்றார்கள்.
லாரிக்குக் கடன் கேட்டு வந்த இடத்தில்
ஒப்பந்தம் எங்கே என்கிறாய்.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்
என்று எங்களில் சொல்வார்கள் என்றேன்.
எனக்கு வந்த இங்கிலீஷில் அது
பாதிதான் போய்ச் சேர்ந்தது.
பாதிக்கே சிரித்துவிட்டாள்.

புரோஸ்பெக்டனில் ஒரு பெயிண்ட் கம்பெனி
அரைப் பக்கக் கடிதம் தந்தது.
வாரம் மூன்று லோடு
"தரக்கூடும்."
அந்தக் "கூடும்" என்ற சொல்லை
பிளாஸ்டிக் உறையில் போட்டு
மழையில் நனையாமல் கொண்டுவந்தேன்.

லாரி ஜேக்கப்ஸ் யார்டில் நிற்கிறது.
எட்டு டன். வெள்ளை.
கதவில் பழைய பெயரின்மேல் வெள்ளையடித்திருக்கிறார்கள்.
சாயங்கால வெயிலில் மட்டும்
"அண்ட் சன்ஸ்" மேலெழுந்து வரும்.

பதினோராம் பக்கத்தில் கேள்வி:
கூட்டுச் சொத்தில் மணமானவரா?
ஆம் எனில் கணவர் கையெழுத்து.
சீலன் போய் ஒன்பது வருஷம்.
விவாகரத்துக்கு வக்கீல் கேட்ட பணத்தில்
அந்த வருஷம் ஃபிரிட்ஜ் வாங்கினேன்.
ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது,
கல்யாணமும்
காகிதத்தில்.

ஃபீனிக்ஸுக்கு இரண்டு டாக்ஸி மாறிப் போனேன்.
அவள்தான் கதவைத் திறந்தாள்.
தேநீரில் சர்க்கரை எத்தனை என்று
என்னைக் கேட்கவில்லை,
அவனைக் கேட்டாள்.
அவன் சரியாகச் சொன்னான்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடி போட்டுப் படித்தான்.
"வட்டி?"
பிரைமுக்கு மேலே நாலரை.
விசிலடித்தான்.
"டயர் பார்த்தாயா?"
பார்த்தேன்.
"உள் டயர்?"

இருபது வருஷம் லாரி ஓட்டியவன்.
பின்சக்கரத்தில் ஜோடி ஜோடியாய் நிற்கிறவற்றில்
வெளியே இருப்பதுதான் கண்ணுக்குப் படும்;
உள்ளே இருப்பதைக் கை விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றான்.
கேட்காத பாடம்.
கையெழுத்துப் போட்டான்.
மூடியை மாட்டாமலே பேனாவை நீட்டி,
"டிரைவர் தேவைப்படுமா, மனோ?"

விளம்பரம் கொடுப்பேன்,
விண்ணப்பம் அனுப்பு என்றேன்.
தேநீர் பாதியில் நின்றது.

மறுநாள் யார்டில் மண்டியிட்டு
தோள்வரை கை விட்டேன்.
இடப்பக்க உள் டயர்
குழந்தையின் கன்னம்போல் மழமழவென்றிருந்தது.
விலையில் பதினோராயிரம் ராண்ட் குறைந்தது.
சட்டைக் கறை இன்னும் போகவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை
மீன் வாங்கும்போது செய்தி வந்தது.
வாழ்த்துகள் என்று ஒரு வரி,
மாதம் பதினையாயிரத்து இருநூறு என்று ஒரு வரி,
அறுபது மாதம் என்று ஒரு வரி.
மீன்காரன் எவ்வளவு கேட்டான் என்பது
இன்றுவரை நினைவில்லை.

டிரைவராக சிபோனேலோ வந்தான்.
சீலனின் விண்ணப்பமும் வந்தது.
பெர்மிட் காலாவதி.
கோப்பில் வைத்திருக்கிறேன்,
கிழிக்கவில்லை.

கதவில் பெயர் எழுத
எழுத்துக்கு நாற்பது ராண்ட் என்றான் பெயிண்டர்.
சுருக்கி எழுதலாமே என்றான்.
காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தாய்
எழுதிக் காட்டினேன்.
திருப்பி எழுதிக் காட்டு என்றேன்.

முதல் லோடு எடுக்க பேஹெட் போயிருக்கிறான்.
ஐந்து மணி நேரமாய் லாரி நகரவில்லையாம்.
நகராத லாரிக்கும்
டீசல் உண்டு, கூலி உண்டு,
இருபத்தைந்தாம் தேதி உண்டு.
எந்த வளைவில் நிற்கிறாய் என்று கேட்டேன்.
சொன்னான்.
அந்த வளைவு எனக்குத் தெரியும்.